எலும்பு காக்கும் அறம்: எலும்புப்புரை நோயும் நம் உணவு நெறியும்

(மார்க்கையன்கோட்டையில் கூடிய சமணக் குடும்பத்தினர் முன்னிலையில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



நாம் கூடியிருக்கும் இவ்வூருக்கு அண்மையில் உத்தமபாளையம் இருக்கிறது. அங்குள்ள பாறையில் தீர்த்தங்கரர் திருவுருவங்கள் வரிசையாகச் செதுக்கப்பட்டுள்ளன. அருகே வட்டெழுத்துக் கல்வெட்டுகளும் உள்ளன. அவற்றுள் அச்சணந்தி முனிவரின் பெயரும் காணப்படுகிறது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இந்தக் கம்பம் பள்ளத்தாக்கில் நம் முனிவர்கள் வாழ்ந்து அறம் உரைத்தார்கள் என்பதற்கு அப்பாறையே சான்று. அன்னதானம், அபயதானம், ஔடததானம், சாத்திரதானம் என நான்கு தானங்களை நம் முன்னோர் போற்றினர். மருந்து கொடுப்பது மட்டுமே ஔடததானம் அன்று. நோய் வராமல் காக்கும் அறிவைப் பகிர்வதும் அதில் அடங்கும் என்றே நான் கருதுகிறேன். அந்த எண்ணத்துடன் எலும்புப்புரை என்னும் நோயைப் பற்றிச் சில செய்திகளைச் சொல்ல வந்திருக்கிறேன்.

நாலடியாரில் 'இளமை நிலையாமை' என்று ஓர் அதிகாரமே இருக்கிறது. உடல் தளர்வதும் முதுமை வருவதும் இயற்கை. அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் பாட்டிக்குக் கூன் விழுந்தால் "வயதாகிவிட்டது, அப்படித்தான்" என்று சொல்லி விட்டுவிடுகிறோமே, அங்கேதான் தவறு நிகழ்கிறது. அந்தக் கூனுக்குப் பெரும்பாலும் காரணம் முதுகெலும்பில் ஏற்பட்ட முறிவு. அது நோய், தடுக்கக்கூடியது, மருந்தும் உள்ளது. நிலையாமையை உணர்வது ஞானம். கவனியாமல் விடுவது ஞானம் ஆகாது.

நோயின் தன்மை

எலும்பு கல்லைப் போல் உயிரற்ற பொருள் என்று பலர் எண்ணுகின்றனர். அது உயிருள்ள திசு. பழைய எலும்பைக் கரைக்கும் செல்களும் புதிய எலும்பைக் கட்டும் செல்களும் நம் உடலில் இரவும் பகலும் வேலை செய்துகொண்டிருக்கின்றன. இளமையில் கட்டும் வேலை மிகுதி. ஏறத்தாழ 30 வயதுக்குள் எலும்பு தன் உச்ச வலிமையை அடைந்துவிடுகிறது. அதன்பின் இரு வேலைகளும் சில காலம் சமமாக நடக்கின்றன. பிறகு கரைப்பது மிகுந்து, கட்டுவது குறைகிறது.

பெண்களுக்கு மாதவிடாய் நின்றபின் ஈஸ்ட்ரோஜன் சுரப்பு குறைவதால் இந்தத் தேய்வு விரைகிறது. அடுத்த ஐந்து முதல் ஏழு ஆண்டுகளில் எலும்பின் அடர்த்தியில் 20 விழுக்காடு வரை குறையக்கூடும். கருப்பையோடு சினைப்பைகளும் இளவயதிலேயே அகற்றப்பட்ட பெண்களுக்கு இத்தேய்வு முன்னதாகவே தொடங்கிவிடும். அத்தகைய அறுவை செய்துகொண்ட தாய்மார்கள் 65 வயதுவரை காத்திராமல் இப்போதே மருத்துவரிடம் எலும்பைப் பற்றிக் கேட்க வேண்டும். ஆண்களும் இந்நோய்க்குத் தப்புவதில்லை. உலக அளவில் 50 வயதைக் கடந்த பெண்களில் மூவரில் ஒருவருக்கும், ஆண்களில் ஐவரில் ஒருவருக்கும் எஞ்சிய வாழ்நாளில் இதனால் எலும்பு முறிவு ஏற்படும் என்று மதிப்பிடப்பட்டுள்ளது.

நம் நாட்டு நிலையை வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் ஆய்வு ஒன்று காட்டுகிறது. நம்மவர் செறிந்து வாழும் ஆரணி, வந்தவாசிப் பகுதிகளுக்கு வேலூர் தொலைவில் இல்லை. மாதவிடாய் நின்ற, நடமாட்டத்தோடு இருந்த 150 பெண்களைச் சோதித்து அங்குள்ள மருத்துவர்கள் 2008இல் முடிவுகளை வெளியிட்டனர். ஏறத்தாழப் பாதிப் பேருக்கு எலும்புப்புரை இருந்தது. பாதிப் பேருக்கு மேல் வைட்டமின் டி குறைவாக இருந்தது. அவர்கள் படுக்கையில் கிடந்தவர்கள் அல்லர். வீட்டு வேலையெல்லாம் செய்துகொண்டிருந்தவர்கள்.

இந்நோய் ஓசையின்றி வருவது. எலும்பு தேயும்போது வலிப்பதில்லை. முறியும்போதுதான் தெரிகிறது. சாதாரண எக்ஸ்-ரே படத்தில் தெரிய வேண்டுமானால் எலும்பின் தாதுப்பொருளில் ஏறத்தாழ 30 விழுக்காடு குறைந்திருக்க வேண்டும். ஆகவே சில அடையாளங்களைக் கவனியுங்கள். நின்ற உயரத்திலிருந்து விழுந்ததற்கே மணிக்கட்டு முறிந்தால், அது எச்சரிக்கை. குடத்தைத் தூக்கும்போதோ குனிந்து பாயைச் சுருட்டும்போதோ முதுகில் திடீரென வலி தோன்றினால், அதுவும் எச்சரிக்கை. இளமையில் இருந்த உயரத்தில் நான்கு சென்டிமீட்டருக்கு மேல் குறைந்திருந்தால், முதுகெலும்பு அமுங்கியிருக்கலாம்.

எலும்பின் அடர்த்தியை அளக்க டெக்சா என்னும் சோதனை உண்டு. மதுரை போன்ற நகரங்களில் செய்துகொள்ளலாம். வலியில்லை, சில நிமிடங்களில் முடிந்துவிடும். 'டி-ஸ்கோர்' என்ற எண் மைனஸ் 2.5 அல்லது அதற்குக் கீழே இருந்தால் எலும்புப்புரை என்பது உலக சுகாதார நிறுவனம் 1994இல் வகுத்த அளவு. 65 வயதைக் கடந்த பெண்களும் 70 வயதைக் கடந்த ஆண்களும் ஒருமுறையேனும் செய்துகொள்வது நல்லது. ஆஸ்துமாவுக்கோ மூட்டுவாதத்துக்கோ ஸ்டீராய்டு மாத்திரையைப் பல மாதங்கள் உண்டவர்கள், தைராய்டு மிகைச் சுரப்பு உடையவர்கள், தாய்க்கோ தந்தைக்கோ இடுப்பெலும்பு முறிந்த வரலாறு உடையவர்கள் இன்னும் முன்னதாகவே செய்துகொள்ள வேண்டும்.

நம் உணவு நெறி காரணமா?

இனி, பலர் என்னிடம் தயக்கத்தோடு கேட்கும் கேள்விக்கு வருகிறேன். "நாம் புலால் உண்பதில்லை, முட்டை உண்பதில்லை, கதிரவன் மறைந்தபின் உண்பதில்லை, நோன்பும் இருக்கிறோம். இதனால்தான் எலும்பு தேய்கிறதா?" என்பதே அக்கேள்வி.

விரதம் காரணம் அன்று என்பதே என் விடை. திட்டமில்லாமல் விரதம் காப்பதுதான் இடர் தருகிறது. இரவு உணவை விட்டவர், அதில் கிடைக்க வேண்டிய சத்தைப் பகலில் ஈடுசெய்யாமல் விடுகிறார். வயதான தாய்மார்கள் பலர் ஒருவேளை உணவோடு நிறுத்திக்கொள்கின்றனர். அந்த ஒருவேளையும் சோறும் ரசமுமாகவே முடிந்துவிடுகிறது. பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் பாலைக் கொடுத்துவிட்டுத் தாம் வெறும் காப்பியோடு இருந்துவிடுகின்றனர். குற்றம் அங்கே இருக்கிறது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020இல் வெளியிட்ட பரிந்துரைப்படி, வளர்ந்தவர்களுக்கு நாள்தோறும் 1000 மில்லிகிராம் கால்சியம் வேண்டும். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு 1200 மில்லிகிராம் வேண்டும். தீட்டிய அரிசி 100 கிராமில் பத்து மில்லிகிராம் அளவுகூட இருப்பது அரிது. இந்தப் பள்ளத்தாக்கில் 1895இல் கட்டி முடிக்கப்பட்ட பெரியாறு அணையின் நீர் பாய்ந்து இருபோக நெல் விளைகிறது. அது பெரும்பேறு. ஆனால் வெண்சோறு தட்டை நிறைக்க நிறைக்கக் கேழ்வரகு ஓரத்துக்குப் போய்விட்டது. அந்தக் கேழ்வரகு 100 கிராமில் ஏறத்தாழ 350 மில்லிகிராம் கால்சியம் உள்ளது.

நம் நெறிக்கு உட்பட்டே ஒரு நாளைக் கணக்கிட்டுப் பார்ப்போம். பாலும் தயிரும் மோருமாக 400 மில்லிலிட்டர் பாலளவு கொண்டால் 480 மில்லிகிராம். 75 கிராம் கேழ்வரகு மாவில் களியோ அடையோ கூழோ செய்தால் 260 மில்லிகிராம். இரண்டு தேக்கரண்டி எள்ளைப் பொடியாகவோ உருண்டையாகவோ உண்டால் 130 மில்லிகிராம். 50 கிராம் முருங்கைக்கீரை 150 மில்லிகிராம். இவற்றின் கூட்டு 1020. இதற்கு மேல் பருப்பும் கொள்ளும் தம் பங்கைச் சேர்க்கும். மாதவிடாய் நின்ற தாய்மார்கள் இன்னும் ஒரு தம்ளர் பால் சேர்த்துக்கொண்டால் 1200ஐ எட்டிவிடலாம். இவ்வளவையும் கதிரவன் மறைவதற்கு முன்பே, காலை உணவு, நண்பகல் உணவு, மாலை நான்கரை மணிக்கு ஒரு சிற்றுணவு என மூன்றாகப் பிரித்து உண்டுவிடலாம். கால்சியத்தை ஒரே வேளையில் மிகுதியாக உண்பதைவிடப் பிரித்து உண்டால் உடல் நன்றாக ஏற்கும்.

மழைக்கால நான்கு மாதங்களில் கீரையைத் தவிர்க்கும் வழக்கமுடைய இல்லங்கள் உண்டு. அம்மாதங்களில் கீரையின் இடத்தைக் கேழ்வரகும் எள்ளும் நிரப்பட்டும். பாலையும் விட்டுவிட்ட இளைஞர்கள் இப்போது சில குடும்பங்களில் இருக்கின்றனர். அவர்களது அகிம்சை உணர்வை மதிக்கிறேன். ஆயினும் பாலை விட்ட இடத்தைக் கால்சியம் சேர்த்த சோயாப் பாலாலும், கால்சியம் உப்பால் உறையவைத்த சோயாக் கட்டியாலும் நிரப்புங்கள். 30 வயதுக்குள் சேர்க்கும் எலும்பே 70 வயதில் தாங்கும் கைப்பொருள்.

எலும்புக்குக் கால்சியம் மட்டும் போதாது. புரதமும் வேண்டும். நோன்பு முடிக்கும் நாளில் கஞ்சி மட்டும் குடித்துவிட்டு நிறுத்தாமல், மறுவேளையிலேனும் பாசிப்பருப்பு, கொண்டைக்கடலை, தயிர் ஆகியவற்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். உப்பு மிகுந்தால் சிறுநீர் வழியே கால்சியம் வெளியேறுவதும் மிகும். ஆதலால் ஊறுகாயையும் அப்பளத்தையும் குறைத்துக்கொள்வது நல்லது. வயது முதிர்ந்த மரக்கறி உணவினருக்கு வைட்டமின் பி12 குறைவது வழக்கம். அது குறைந்தால் கால் மரத்து நடை தள்ளாடும், தள்ளாடினால் விழுவோம். அதையும் இரத்தச் சோதனையில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கதிரவனின் கொடை

உண்ட கால்சியத்தைக் குடல் உறிஞ்ச வைட்டமின் டி வேண்டும். மரக்கறி உணவில் அது மிகக் குறைவு. நமக்கு அதை அளிப்பவன் கதிரவனே. "நம் ஊரில் வெயிலுக்கு என்ன குறை?" என்று கேட்பீர்கள். திருப்பதியிலுள்ள மருத்துவ ஆய்வாளர்கள் இதை ஆராய்ந்தபோது, தோலில் இச்சத்து நன்றாக உருவாவது முற்பகல் 11 மணி முதல் பிற்பகல் 2 மணி வரையுள்ள வெயிலில்தான் என்று கண்டனர். விடியற்கால இளவெயில் உடலுக்கு இதமானது. ஆனால் இச்சத்தை உண்டாக்கும் கதிர் அதில் மிகச் சிறிதளவே உண்டு. கண்ணாடிச் சன்னலுக்குள் அமர்ந்தாலும் பயனில்லை. ஆகவே முகமும் கைகளும் முழங்காலுக்குக் கீழுள்ள பகுதியும் படும்படி, நண்பகலை ஒட்டி 15 முதல் 30 நிமிடம், வாரத்தில் சில நாள்கள் வெளியே இருங்கள். கோடையின் கடும் வெயிலில் முதியோரும், நீர் அருந்தாமல் நோன்பிருப்போரும் இதைச் செய்ய வேண்டா.

குறைபாடு உறுதியானால் மருத்துவர் 60,000 யூனிட் அளவில் வாரம் ஒன்றாகச் சில வாரங்களுக்குத் தருவார். அதை நாமாகவே மாதக்கணக்கில் தொடரக் கூடாது. மிகுந்தால் இரத்தத்தில் கால்சியம் ஏறிச் சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

மருந்தின் மூலப்பொருள்

இங்கே நம் மக்கள் வெளிப்படையாகக் கேட்கத் தயங்கும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மாத்திரையின் மூலப்பொருளில் ஐயம் வந்தால் பலர் மருத்துவரிடம் கேட்பதில்லை. வாங்கிய மருந்தைப் பேசாமல் மூலையில் வைத்துவிடுகின்றனர். கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை; பெரும்பாலும் மாற்று வழி உண்டு.

மென்மையான கேப்சூல்களின் உறை பெரும்பாலும் விலங்கின் எலும்பிலிருந்தும் தோலிலிருந்தும் எடுக்கும் ஜெலட்டினால் ஆனது. அதற்கு மாற்றாகப் பொடியாக வரும் வைட்டமின் டி உண்டு. டி3 என்னும் வகை பெரும்பாலும் செம்மறியாட்டின் கத்தரித்த உரோமத்திலுள்ள மெழுகிலிருந்து பெறப்படுகிறது. பாசிக்காளானிலிருந்து பெறும் டி3 வகையும் இப்போது கிடைக்கிறது. கால்சியம் மாத்திரைகளில் சில சிப்பி ஓட்டிலிருந்து செய்யப்படுகின்றன. சுண்ணாம்புக் கல்லிலிருந்து பெறுவனவும் உள்ளன. கால்சியம் கார்பனேட் வகையை உணவோடு உண்ண வேண்டும். ஆகவே இரவு உணவில்லாதவர்கள் பகல் உணவோடு உண்பதே முறை.

எலும்புப்புரைக்கு முதலில் தரப்படும் அலெண்ட்ரோனேட் வேதிமுறையில் ஆக்கப்படுவது. வாரம் ஒருமுறை 70 மில்லிகிராம். காலையில் வெறும் வயிற்றில், ஒரு தம்ளர் நிறைய வெறும் நீரோடு விழுங்க வேண்டும். பாலோ காப்பியோ கூடாது. அதன்பின் அரை மணி நேரம் படுக்காமல் இருக்க வேண்டும். இல்லையேல் உணவுக்குழாய் புண்ணாகும். நீரும் அருந்தாத நோன்பு நாளில் இதை உண்ண இயலாது. குறித்த கிழமையில் அட்டமியோ சதுர்த்தசியோ வந்தால் மறுநாள் காலையில் உண்டுகொள்ளலாம். மாத்திரை ஒவ்வாதவர்களுக்கு ஆண்டுக்கு ஒருமுறை நரம்பில் ஏற்றும் ஜோலெட்ரோனிக் அமிலம் உண்டு.

டெனோசுமாப் என்னும் ஊசி ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடப்படுவது. அது விலங்கு உயிரணு வளர்ப்பின் வழியே உருவாக்கப்படுகிறது. இதை ஏற்பதா என்பதை முதல் ஊசிக்கு முன்பே சிந்தித்து முடிவு செய்யுங்கள். ஏனெனில் தொடங்கிய பின் திடீரென நிறுத்தினால் முதுகெலும்பு முறிவுகள் விரைந்து வரக்கூடும். நிறுத்தும்போது வேறு மருந்தைத் தொடர்ந்து தர வேண்டும். மனத்துக்கு ஒவ்வாமல் இடையில் விடுவது, தொடங்காமல் இருப்பதைவிடக் கேடானது. எந்த மருந்தானாலும், பல் பிடுங்க வேண்டியிருந்தால் பல் மருத்துவரிடம் இம்மருந்தைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும்.

அசைவும் விழாமையும்

எலும்பு, சுமை தாங்கத் தாங்க உறுதிப்படும். நாள்தோறும் அரைமணி நேர நடை, படியேற்றம், கையூன்றாமல் நாற்காலியிலிருந்து பத்து முறை எழுந்து அமர்தல், சுவரைப் பிடித்தபடி ஒற்றைக் காலில் சில நொடிகள் நிற்றல் ஆகியவை போதும். முதுகெலும்பு ஏற்கெனவே முறிந்தவர்கள் முன்னே வளைந்து குனியக் கூடாது. அவர்கள் நிலத்தில் வீழ்ந்து வணங்க வேண்டா. நின்றோ நாற்காலியில் அமர்ந்தோ கைகூப்பினாலும் அருகன் வழிபாடு நிறைவுடையதே.

எலும்பு நலிந்திருந்தாலும் விழாமல் இருந்தால் பெரும்பாலான முறிவுகளைத் தவிர்க்கலாம். குளியலறையில் கைப்பிடி பொருத்துங்கள். இரவில் எழுந்து செல்லும் வழியில் சிறு விளக்கு எரியட்டும். நிலைப்படியின் விளிம்பில் வெள்ளைக் கோடு இடுங்கள். ஜினாலயத்தில் திருமஞ்சனம் முடிந்தபின் பாலும் நீரும் நெய்யும் படிந்த கல்தளம் வழுக்கும். முதியோர் வலம் வருவதற்கு முன் அதைத் துடைத்துவிடுவதும் ஒரு திருப்பணியே. கண்புரையால் படி தெரியாமல் விழுவோர் பலர். தேனியிலும் மதுரையிலும் அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கிறது. தள்ளிப்போடாமல் கண்ணைக் காட்டுங்கள். இரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்கும் மருந்து உண்போர், நோன்பு நாளில் அம்மருந்துகளின் அளவை எவ்வாறு மாற்றுவது என்று முன்கூட்டியே மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். நோன்பின் மயக்கத்தில் விழுந்தவர்கள் உண்டு.

இவ்வளவுக்குப் பிறகும் யாரேனும் விழுந்து, எழ இயலாமல், ஒரு கால் குட்டையாகி வெளிப்புறம் திரும்பிக் கிடந்தால், அது இடுப்பெலும்பு முறிவாக இருக்கக்கூடும். நாட்டுக் கட்டுப் போட்டுப் படுக்கவைக்கும் முறிவு அன்று அது. கூடியவரை 48 மணி நேரத்துக்குள் அறுவை செய்து, விரைவில் எழுந்து நிற்கச் செய்ய வேண்டும். இடுப்பெலும்பு முறிந்த முதியோரில் ஐவரில் ஒருவர் ஓராண்டுக்குள் இறந்துவிடுகிறார் என்பது உலகெங்கும் காணப்படும் உண்மை. பலரை மாய்ப்பது முறிவு அன்று; படுக்கையில் கிடப்பதால் வரும் நுரையீரல் அழற்சியும் படுக்கைப் புண்ணும் இரத்தக் கட்டியுமே. "இந்த வயதில் அறுவை எதற்கு?" என்று கேட்கும் உறவினர்களுக்கு இதை எடுத்துச் சொல்லுங்கள். வீடு திரும்பியபின், 2021இல் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் வழியே இயன்முறை மருத்துவம் வீட்டுக்கே வரும்; ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். ஒருமுறை முறிந்தவருக்கு மீண்டும் முறியும் வாய்ப்பு மிகுதி. ஆகவே அறுவையோடு நிறுத்தாமல் எலும்புப்புரைக்கான மருந்தையும் தொடங்க வேண்டும்.

அன்பர்களே, நம் இல்லங்களில் மூத்த பெண்கள் வலியைச் சொல்வதில்லை. பொறுத்துக்கொள்வதைத் தவமாகக் கருதுகின்றனர். தாமே விரும்பி ஏற்பது தவம். கவனிப்பாரின்றித் தாங்குவது தவம் அன்று. பிறவுயிர்க்குத் தீங்கு எண்ணாத நாம், நம் வீட்டிலிருக்கும் உயிருக்கு நம் அசட்டையால் தீங்கு நேரவிடலாமா? இன்று வீடு திரும்பியதும் உங்கள் தாயையோ பாட்டியையோ சுவரோரம் நிறுத்தி உயரத்தை அளந்து எழுதி வையுங்கள். ஆண்டுதோறும் மகாவீரர் பிறந்தநாளில் மீண்டும் அளந்து பாருங்கள். அவர்கள் தட்டில் என்ன இருக்கிறது, தம்ளரில் பால் இருக்கிறதா என்றும் பாருங்கள்.